லுனோக் மரத்தடியில் இரண்டு இலை

கவினோ கருவாட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவைத்த அன்றுதான் சோர்சிங்குக்கு முதல் சந்தேகம் வந்தது. மீனைக் கீறி, உப்பில் ஊறவைத்து, மூங்கில் தட்டிகளில் காயப்போட்டு விற்பது அவள் பிழைப்பு. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் கைக் கருவாடு இல்லாமல் அவன் ஒரு வேளைச் சோறு தின்றதில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றான். மறுநாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. பார்க்க மட்டும் ஆரம்பித்தாள்.

பார்க்க ஆரம்பித்தால் எல்லாம் கண்ணில் படுகிறது. கவினோ ஊருக்குப் பின்னால் இருக்கிற மலைச்சரிவில் பதினான்கு தென்னைகளில் கள் இறக்குகிறவன். விடிந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஏறுவான். நடுவில் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குவான். இப்போது மதியம் வருவதே இல்லை. காலையில், அவள் மீன் வாங்கக் கரைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, தானே அடுப்பை மூட்டி எதையோ சமைத்து, வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு மறுபடியும் சரிவில் ஏறிவிடுகிறான். கள் கொண்டுவரும் மூங்கில் குழாயும் நிறைந்து வருவதில்லை. பதினான்கு மரம் ஒன்பதாகிவிட்டது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

ஒருநாள் அவன் கழுவ மறந்துபோன சட்டியை அவள் விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இஞ்சி தெரிந்தது. கோழி தெரிந்தது. உப்பு ஒரு கல்கூட இல்லை.

படிக்கட்டுக்கு அடியில் எப்போதும் மூன்று மூட்டை உப்பு கிடக்கிற வீடு அது. கைக்கு எட்டவில்லை என்று சொல்ல வழியில்லை. அந்தக் கரையோரத்தில் தெரிந்தே உப்பில்லாமல் சமைப்பது தமாவோக்களுக்கு மட்டும்தான். லுனோக் என்கிற பெரிய ஆலமரத்துக்குள் மாளிகை கட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள். வெளுத்த தோல். முகம் மனிதருடையதுதான், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னப் பள்ளம் மட்டும் கிடையாது. உப்பு அவர்களுக்கு ஆகாது. மனதுக்குப் பிடித்த ஆள் யாராவது அந்த வழியாகப் போனால் உள்ளே கூப்பிட்டுக் கறுப்புச் சோறு போடுவார்கள். தின்றவர் திரும்புவதில்லை. அவருக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டுக்கு அவர் முகத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள். அது கொஞ்ச நாள் நடமாடும், ஊதும், பிறகு செத்துப்போகும். வீட்டார் அதைப் புதைத்துவிட்டு அழுவார்கள்.

இதெல்லாம் சோர்சிங்குக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். அதை நினைத்து அவள் தூக்கம் கெட்டதில்லை. இப்போது சட்டியைக் கையில் பிடித்தபடி அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு பெலிசா இவளைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் நீளம். மறுநாள் கரையில் படகுக்காகக் காத்திருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, உன் வீட்டுக்காரன் யாருக்குச் சோறு கட்டிட்டுப் போறான்?”

“தனக்குத்தான். மலையிலயே சாப்பிட்டுக்கறான்.”

“ஒரு வாய்க்கு எதுக்கு ரெண்டு இலை? நேத்து எங்க வாழையில வந்து அறுத்துட்டுப் போனான். நான் பார்த்துட்டுதான் இருந்தேன்.”

சோர்சிங் கூடையைத் தட்டிச் செதிலை உதிர்த்தாள்.

“ஆளும் வெளுத்துட்டே வர்றான்,” என்றாள் பெலிசா. “வெயில்ல மரம் ஏறுறவன் எங்கயாவது வெளுப்பானா? பொம்பள விவகாரம்னா எனக்குக் கவலையே இல்ல. நீ போய் அவ முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்துருவே. லுனோக் பக்கத்து விவகாரமா இருந்தா யார் முடியப் பிடிப்பே, சொல்லு.”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சோர்சிங்கும் ஒப்புக்குச் சிரித்துவைத்தாள். அன்று வாங்கிய மீனை எண்ணிப் பார்க்காமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கவினோ பாயில் படுத்துத் தூங்கினான். முன்பெல்லாம் தூங்கினால் குறட்டை தெருவுக்குக் கேட்கும். இப்போது மூச்சு மேலாகவே ஓடியது. சோர்சிங் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கன்னம் உப்பியிருந்தது. கண்ணிமை தடித்துப்போயிருந்தது. மேலுதட்டைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பள்ளம் இருந்தது. ஆனால் இவ்வளவு மேலோட்டமாகவா இருந்தது? கல்யாணத்தன்று இந்த உதட்டைப் பக்கத்தில் பார்த்த ஞாபகம் இருந்தது, பள்ளத்தின் ஆழம் ஞாபகத்தில் இல்லை. யாருக்குத்தான் இருக்கும்?

அவன் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல், கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. மெல்ல, மிக மெல்லத்தான் நிரம்பியது. உரித்த வாழைத்தண்டை விரலால் அழுத்தினால் அப்படித்தான் இருக்கும். அவள் தன் காலையும் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். குழி விழவில்லை.

அன்று சாயங்காலமே ருஸ்திகோவிடம் போனாள். சந்தையில் முடி வெட்டுகிறவர் அவர், ஊருக்கு வைத்தியரும் அவர்தான். கத்திரியை வைக்கிற அதே பலகையில் இஞ்சியை வைத்து நறுக்கி, துண்டுகள் விழுகிற விதத்தைப் பார்த்துச் சொல்வார். ஏழு துண்டு நறுக்கினார். இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கவினோ அந்த மரத்துக்கு ஏதாவது கெடுதல் செய்தானா என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பிப்ரவரியில், லுனோக் மரத்தின் கிளை ஒன்று தன் தென்னைக்கு வெயில் விடவில்லை, வெட்டப்போகிறேன் என்று கவினோ சொன்னதுண்டு. கையை வைத்தால் வீட்டுக்குள் வராதே என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

“அவங்களோட உக்காந்து சாப்பிடறான்,” என்றார் ருஸ்திகோ. “முழுசாப் போகல, பாதியில நிக்கறான். ஆளை ஒரு தடவை என்கிட்டக் கூட்டிட்டு வா.”

“வரமாட்டான். கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவான்.”

“அப்போ உப்பு. அவன் திங்கறதுல உப்பு விழணும். உப்பு ஏறின உடம்பை அவங்களால வெச்சுக்க முடியாது. எடுத்ததும் நிறையப் போடாத, கண்டுபிடிச்சிருவான். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு. ஆனா ஆளையும் கூட்டிட்டு வா.”

கடைசிப் பேச்சை அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. உப்பு என்றதுமே அவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவள் கைக்குப் பழகிய பொருள் அது.

மறுநாள் காலை கரைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். அடுப்படிக்கு வந்த கவினோ அவளைப் பார்த்துவிட்டுத் தயங்கினான். இனிமேல் மதியச் சோற்றைத் தானே சமைத்துத் தருவதாகச் சொன்னாள். அவன் அவள் முகத்தையே பார்த்தான். எதற்கு என்று கேட்டான். மரம் ஏறிக் களைத்து வந்து நீ அடுப்பூதுவது பார்க்க நன்றாகவா இருக்கிறது என்றாள். அவன் இன்னும் நம்பாமல்தான் நின்றான்.

“உப்பு போடக்கூடாது,” என்றான் கடைசியில்.

“போடல.”

“ஒரு கல்லுகூட.”

“யாருக்கு இது?”

“நமக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு அவன் குழாயை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த ‘நமக்கு’ என்ற சொல்லில் தானும் உண்டா என்று சோர்சிங் சட்டி கொதிக்கிற வரையில் யோசித்துக்கொண்டிருந்தாள். அரிசி பொங்கும்போது, விரல் நுனியில் எடுத்த தூள் உப்பைத் தண்ணீரில் தூவினாள்.

அவன் கண்டுபிடிக்கவில்லை. நாலைந்து நாளில் அது அவளுக்கே வியப்பாக இருந்தது. வாயெல்லாம் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது, ருசியே தெரியவில்லை என்று ஒரு தடவை அவனாகச் சொன்னான். மனிதச் சோறு ருசிக்காதது அவர்களோடு சாப்பிட்ட அடையாளம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நுனிவிரல் உப்பு சிட்டிகையானது, சிட்டிகை கரண்டியானது. அவனுக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். அவர்கள் பிடி விடுகிறது, அதனால்தான் தாகம் என்று ருஸ்திகோ சொன்னார். சோர்சிங் அன்று தேவாலயத்தில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆனால் கவினோவின் செருப்பு வார் காலில் ஏறவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். தென்னை ஒன்பதிலிருந்து நான்காயிற்று.

பதினோராவது நாள் அவளால் பொறுக்க முடியவில்லை. அவன் பொட்டலத்தோடு கிளம்பியதும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனாள். நடுப்பகலில் அந்தச் சரிவில் யாரும் நடக்கமாட்டார்கள், தமாவோக்கள் வெளியே உலாவுகிற வேளை அது. ஒவ்வொரு புதரைத் தாண்டும்போதும், வழி விடுங்க, போய்க்கிறேன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். முன்னால் கவினோ பத்து அடிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினான். அவன் நிற்கும்போதெல்லாம் அவளும் நின்றாள்.

சுனைக்கு மேலே லுனோக் மரம் நின்றது. விழுதுகள் இறங்கி இறங்கி அடிமரம் எது என்றே தெரியவில்லை. கவினோ வேரில் உட்கார்ந்து இரண்டு இலைகளையும் விரித்தான். ஒன்றைத் தன் முன்னால், ஒன்றை மரத்தின் முன்னால். இரண்டிலும் சோற்றைச் சமமாக வைத்தான். சோர்சிங் ஒரு தென்னைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். எதிர் இலையில் வந்து உட்காரப்போவது யார் என்று கண் கொட்டாமல் பார்த்தாள். இளைஞியா, நீள முடியா, வெள்ளைத் தோலா? யாரும் வரவில்லை. கவினோ மட்டும் பேசினான். வீட்டில் பல நாளாக அவள் கேட்காத, இணக்கமான குரல்.

“இன்னிக்கும் என் பொண்டாட்டி கையால சமைச்சதுதான். உப்பு போடாத சோறு, நம்பிச் சாப்பிடுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வெட்டினது நான். கோவம் இருந்தா அது என்னோட போகட்டும்.”

சோர்சிங் நாட்களை எண்ணிப் பார்த்தாள். பதினோரு நாளாக அவர்கள் முன்னால் உப்புச் சோறு வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவன் அவன், போட்டவள் அவள். ஓடிப்போய் இலையைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் கவினோ ஒரு கவளம் எடுத்தான், அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் கீழே வைத்தான், எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். காற்று உள்ளே போகவில்லை.

அவள் மறைந்திருந்ததை மறந்துவிட்டு ஓடினாள். அவளைப் பார்த்ததும் அவன் கண்ணில் வந்தது நிம்மதியா பயமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துச் சரிவில் கள் இறக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்தார்கள். மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, அவனை அதில் உட்காரவைத்து, கீழே சாலை வரைக்கும் தூக்கி வந்து, சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிளில் ஏற்றி மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர் கவினோவின் காலை அழுத்திப் பார்த்தார். அதே இடம், அதே குழி. ஊசி போட்டார்கள், மூக்கில் காற்றுக் குழாய் வைத்தார்கள். அவன் சட்டைப் பையில் நாலாக மடித்த சீட்டு ஒன்று இருந்தது. டாக்டர் அதைப் பிரித்துப் படித்துவிட்டு சோர்சிங்கைக் கூப்பிட்டார். சிறுநீரகம் கெட்டிருக்கிறது, உப்பைத் தொடவே கூடாது என்று மார்ச் மாதமே பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்களே, வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார்.

“நான்தான்.”

“இவ்வளவு உப்பு உடம்புல எப்படிப் போச்சு?”

“நான்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்.”

டாக்டர் பேனாவை மூடினார். ஏன் என்று கேட்டார்.

“அவன அவங்ககிட்டேர்ந்து திரும்ப வாங்கறதுக்கு,” என்றாள் சோர்சிங்.

டாக்டரும் அந்தத் தீவில் பிறந்தவர்தான். யாரிடமிருந்து என்று கேட்கவில்லை. அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது, உப்பு அதை என்ன செய்கிறது, உடம்பில் நீர் தங்கினால் முகமும் காலும் எப்படி ஊதும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சோர்சிங் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. புரிந்தும் மரத்தடியில் கிடக்கிற அந்த இரண்டாவது இலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு சீரானது. முக வீக்கம் வடிந்து, பழைய கன்ன எலும்பு தெரிந்தது. அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னாள். எந்த நாளிலிருந்து, எவ்வளவு, யார் சொல்லி என்று எதையும் மறைக்கவில்லை. அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அதைத்தான் நான் அவங்க முன்னாடி வெச்சேனா?” என்றான்.

அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆமாம் என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். இடையில் ருஸ்திகோ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார். கூட்டிட்டு வா என்று இரண்டு தடவை சொன்னேனே என்று அவளிடம் முணுமுணுத்தார். பிறகு, தாடி வளர்ந்திருக்கிறது என்று சொல்லி, கவினோவுக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் கவினோ தானாகவே வாயைத் திறந்தான். பிப்ரவரியில், அவள் சந்தைக்குப் போயிருந்தபோது கிளையை வெட்டினானாம். இரண்டு வாரத்தில் கணுக்கால் ஊதியது. சுகாதார நிலையத்தில் சிறுநீரகம் என்றார்கள். அவனுக்கு மரத்தின் கோபம், சிறுநீரகம் இரண்டும் உண்மையென்றே பட்டது.

“டாக்டரும் உப்பு வேணாம்னாங்க. மரத்துல இருக்கறவங்களுக்கும் உப்பு ஆகாது. ஒரே சட்டியில சமைச்சா ரெண்டு பக்கமும் சரியாப்போகும்னு நெனச்சேன்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“வெட்டினா வீட்டுக்குள்ள வராதேன்னு சொன்னது யாரு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டிக்கொள்ளாமல் போர்வையைச் சரிசெய்தாள்.

அந்த வாரமே அவள் ஊருக்குப் போய், வெள்ளைக் கோழி ஒன்றை உப்பில்லாமல் வேகவைத்து எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் தனியாக மரத்தடிக்குப் போனாள். வெட்டின கிளையின் அடித்தண்டு தலைக்கு மேலே தெரிந்தது, வழிந்த பால் காய்ந்து கறுத்துப்போயிருந்தது. என்ன சொல்வதென்று வீட்டிலிருந்தே யோசித்து வைத்திருந்தாள். அங்கே வந்ததும் அதெல்லாம் வாயில் வரவில்லை.

“உப்பு போட்டது நான்,” என்றாள். “உன்ன அவமானம் பண்ணப் போடல, உன்மேல சந்தேகப்பட்டுப் போட்டேன். அதை அவன் தலையில வெக்காத.”

பன்மையில் கும்பிட வந்தவள், எதிரில் ஒரு பெண் நிற்பதுபோல ஒருமையில் பேசிவிட்டதை இறங்கி வரும்போதுதான் உணர்ந்தாள். திரும்பிப் போய்த் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

கவினோ மழை ஆரம்பித்த பிறகு வீட்டுக்கு வந்தான். இனி மரம் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தென்னைகளை பெலிசாவின் புருஷன் எடுத்துக்கொண்டான். தட்டிகளில் கருவாடு திருப்பிப்போடுகிற வேலை கவினோவுக்கு வந்து சேர்ந்தது. மாதத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். உடம்பு முழுக்கச் சரியாகவில்லை, மோசமாகவும் இல்லை.

சோர்சிங் இப்போது வீட்டுக்கு ஒரே சட்டியில், உப்பில்லாமல் சமைத்தாள். ஆனாலும் தட்டு முன்னால் வந்ததும் கவினோ ஒரு பருக்கையை எடுத்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான். நாக்கில் ருசி திரும்பியிருந்தது. பிறகுதான் சாப்பிட ஆரம்பிப்பான். முதலில் அவளுக்கு அது ஊசி ஏற்றுவதுபோல இருந்தது. பிறகு, அவன் பருக்கையை எடுக்கிறதற்கு முன்பே அதே சட்டியிலிருந்து ஒரு வாய் தான் எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். அவள் விழுங்குகிற வரை அவன் பார்த்துக்கொண்டிருப்பான்.

மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், இருவரும் தட்டிகளின் மேல் போட்டிருந்த ஓலையை விலக்கிக்கொண்டிருந்தபோது, பல நாளாக அடக்கிவைத்திருந்ததை அவள் கேட்டுவிட்டாள்.

“அங்க உக்காந்து சாப்பிட்டியே. எதிர்ல யாரையாவது பார்த்தியா?”

கவினோ ஒரு மீனைப் புரட்டினான். அடுத்ததைப் புரட்டினான். வரிசை முடிந்ததும் நிமிர்ந்தான்.

“தினமும் இல்ல,” என்றான்.

சோர்சிங் கையிலிருந்த ஓலையைக் கீழே வைத்தாள். ஆணா பெண்ணா, எப்படி இருந்தது, என்ன பேசியது என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவன் அடுத்த தட்டிக்கு நகர்ந்துவிட்டான். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வெயில் போய்விடுவதற்குள் மீதி மீனைத் திருப்பியாக வேண்டும் என்று அவளும் குனிந்தாள்.